குடிநோயாளன் எந்தக் கதவைத் தட்டுவான்?

கமக்காரர் ஒருவர் அண்மையில் எம்மைத் தேடி வந்தார். நெல் விற்ற பணத்தில் பாதி தவறணைக்குப் போயிற்று என்பதை அவர் மறைக்கவில்லை. புத்திமதி கேட்கவும் அவர் வரவில்லை. "குடியை விட்டவர்கள் ஒன்றுகூடிப் பேசுகின்ற கூட்டம் இருக்கிறதாமே ஐயா, அது எங்கே நடக்கிறது?" என்று மட்டுமே கேட்டார். உடனே விடைகூற எம்மால் முடியவில்லை. அந்த வெட்கமே இதனை எழுதத் தூண்டியது.

மதுவின் தீமையைப் பற்றிப் பேசாத மேடை இந்நாட்டில் இல்லை. 1904இலும் 1912இலும் இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் வீறுகொண்டு எழுந்தது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தோர்க்கு மது விற்பதைக் குற்றமாக்கியது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் இவை குழியைச் சுற்றி அடைத்த வேலிகள். ஏற்கெனவே குழிக்குள் வீழ்ந்து கிடப்பவனுக்கு வேலியால் ஆவதென்ன? அவனுக்கு வேண்டுவது ஏணியன்றோ!

அவ்வேணியைக் கண்டவர்கள் அரசர்களுமல்லர், அறிஞர்களுமல்லர், குடிகாரர் இருவரே. 1935ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள அக்ரன் நகரில், வியாபார முயற்சியில் தோற்ற பில் வில்சன் என்பவர் ஹோட்டல் ஒன்றின் முன்கூடத்தில் நின்றார். அவர் குடியை விட்டுச் சில மாதங்களே கழிந்திருந்தன. ஒருபுறம் மதுச்சாலை அழைத்தது. மறுபுறம் தொலைபேசி இருந்தது. அவர் தொலைபேசியை எடுத்தார். தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளரோடு பேசினால் தாம் தப்பலாம் என்று எண்ணி, ஊர்க் குருமாரிடம் விசாரித்தார். அவ்வழியே சத்திரசிகிச்சை வைத்தியர் ரொபேட் சிமித்தைச் சந்தித்தார். அவ்வைத்தியர் இறுதியாகக் குடித்த நாளாகிய 1935 யூன் 10ஆந் திகதியே 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்' என்னும் சகோதரத்துவத்தின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது.

இதன் விதிகள் எளியவை. குடியை விடவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அங்கத்துவத்துக்குப் போதும். கட்டணமில்லை, வெளியார் நன்கொடையும் ஏற்பதில்லை. சாதி, சமயம், கட்சி எதுவும் விசாரிக்கப்படுவதில்லை. கடவுளைக் குறிப்பிடும் இடத்திலும் அவரவர் அறிந்த வண்ணமே என்று விட்டிருக்கின்றனர். வந்தவரின் பெயர் வெளியே போவதில்லை. குடிப்பவரின் வீட்டாருக்கென 1951இல் 'அல்-அனொன்' என்னும் தனி அமைப்பும் தோன்றியது.

"கூடிப் பேசினால் குடி போகுமா?" என்று நகைப்போர் உளர். 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரையும் உள்ளடக்கி 2020இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு இதற்கு விடை பகர்ந்துள்ளது. குடியை முற்றாக விட்டிருப்பதற்கு இம்முறையும், இதனை நாடச் செய்யும் சிகிச்சையும், ஏனைய உளவியற் சிகிச்சைகளுக்குக் குறைந்தவையல்ல. பல வேளைகளில் மேலானவை என்பதே அதன் முடிவு.

எனினும் ஓர் எச்சரிக்கை. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே முதற் கதவு வைத்தியருடையதாகட்டும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகளிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல உதவிச் சேவையும் உண்டு. "குடியை விட்டவர்களின் கூட்டம் அருகில் எங்கே?" என்பதை அங்கே கூசாமற் கேட்கலாம். அருகில் இல்லையெனில் கைத்தொலைபேசி வழியாகக் கூடும் கூட்டங்களும் உள.

"எங்கள் ஊரில் எவர் பெயர் மறையும்? படலை திறந்தாலே நாலு பேர் அறிவார்களே!" என்பது நியாயமான தடை. அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போகலாம் என்போம். அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. தவறணைக்குப் பட்டப்பகலில் நடந்து போகிறவனைப் பார்த்து ஊர் வியப்பதில்லை. அதனை விட்டு நடக்க முயல்பவனைப் பார்த்தா ஊர் நகைக்க வேண்டும்? நாணவேண்டியவர் யார்?

கற்றோரே, உத்தியோகத்தரே, உங்களிடம் கேட்பது பணமன்று. வைத்தியர்கள் மருந்துச் சீட்டோடு கூட்டத்தின் இடத்தையும் நாளையும் எழுதிக் கொடுக்கட்டும். சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் வாரத்தில் ஒரு மாலை ஓர் அறையைத் திறந்துவிட்டு, உள்ளே எட்டிப் பாராதிருக்கட்டும். கமக்காரச் சங்கங்கள் தங்கள் அங்கத்தவருக்கு இச்செய்தியைச் சொல்லட்டும். இரண்டு மூன்று குடிநோயாளர் விடுதலையை நாடிக் கூடினாலே அது ஒரு குழுவாகும் என்பது அச்சகோதரத்துவத்தின் மரபு. அக்ரனில் இருவர்தானே தொடங்கினர்?

எம்மிடம் வந்த கமக்காரருக்கு வைத்தியசாலையின் வழியைப் பின்னர் விசாரித்துச் சொன்னோம். ஆனால் அவர் மொழியில், அவர் ஊருக்கு எட்டும் தூரத்தில், ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். அடுத்து ஒருவர் வந்து அதே கேள்வியைக் கேட்கும்போதும் நாம் தலைகுனிந்து நிற்பதா?