கும்பிட்ட சூரியனும் வேலை செய்யும் சூரியனும்

எகிப்து தேசத்தார் சூரியனைக் கும்பிட்டதுபோல் கும்பிட்டவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க முடியாது. அத்தேசத்தின் தென்கோடியிலுள்ள அபு சிம்பெல் கோவிலில், வருஷத்தில் இரண்டு தடவை சூரிய வெளிச்சம் கர்ப்பக்கிரகம் வரையில் போய் விழும்படி மூவாயிரம் வருஷங்களுக்கு முன்பே மலையைக் குடைந்து வைத்தார்கள். குடைந்தவர்களின் திறமையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால், இத்தனை காலம் கும்பிடப்பட்ட சூரியன் ஒரு குடியானவனின் வயலுக்காவது தண்ணீர் இறைத்துக் கொடுத்ததா என்று கேட்கின்றோம். ஏற்றம் இறைத்தவன் குடியானவன். சக்கரத்தைச் சுற்றி இழுத்தது அவன் மாடு.

அதே சூரியனிடம் வேலை வாங்கிக் காட்டியவர் பூசாரியல்ல. பிராங்க் ஷூமன் என்ற அமெரிக்க இஞ்சினீயர். 1913-ம் வருஷத்தில், கெய்ரோ நகரத்துக்கு அடுத்த மஆதி என்னும் ஊரில், 200 அடி நீளமுள்ள ஐந்து வளைந்த கண்ணாடித் தொட்டிகளை நிறுத்தி, வெயிலைக் குவித்து நீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் இயந்திரத்தை ஓட்டி, நிமிஷத்துக்கு 6,000 காலன் நைல் நதித் தண்ணீரை இறைத்துக் காட்டினார். மந்திரமுமில்லை, நைவேத்தியமுமில்லை.

ஆனால் இது யாருக்காக? அன்று எகிப்து பிரிட்டிஷார் கையிலிருந்தது. நிலக்கரி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. பருத்தி லங்காஷயர் ஆலைகளுக்குக் கப்பலில் போயிற்று. கரிச்செலவு மிச்சமானால் பருத்தி மலிவாகும் என்பதுதான் ஆண்டவர்களின் அக்கறையே தவிர, எகிப்தியன் ஆலை முதலாளியாகவோ ஆலை இஞ்சினீயராகவோ ஆகவேண்டுமென்பதல்ல. 1914-ல் யுத்தம் வந்தது. 1918-ல் ஷூமன் இறந்தார். பிறகு எண்ணெய் மலிந்தது. அந்த இயந்திரமும் மறக்கப்பட்டது.

நிற்க. இன்று அபு சிம்பெல் இருக்கும் அதே அஸ்வான் மாகாணத்தில், பென்பான் என்னுமிடத்தில், சுமார் 37 சதுர கிலோமீட்டர் மணல்வெளியில் சூரியப் பலகைகள் பரப்பப்பட்டு, 2019-ல் வேலை முடிந்து, ஏறத்தாழ 1,500 மெகாவாட் மின்சாரம் தரும் சக்தியோடு நிற்கின்றன. 2010-க்குப் பிந்திய பத்து வருஷங்களில் இப்பலகைகளின் விலை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆகவே வெயிலுள்ள ஏழை நாடுகளெல்லாம் இனிப் பணக்கார நாடுகளாகிவிடும் என்று சிலர் கூத்தாடுகின்றார்கள்.

நாம் அப்படி ஏமாறத் தயாராயில்லை. சூரியப் பலகைத் தயாரிப்பின் ஒவ்வொரு படியிலும் சீனாவின் பங்கு நூற்றுக்கு 80-க்கு மேல் என்று 2022-ல் சர்வதேச எரிசக்தி நிறுவனம் கணக்குக் கொடுத்தது. சீனாவில் எகிப்தைவிட வெயில் அதிகமா? இல்லை. ஆலை வைத்தார்கள், தொழிலாளருக்கு வேலை கற்றுக் கொடுத்தார்கள். வெயில் செல்வமல்ல, அதைப் பிடிக்கும் கருவியைச் செய்யத் தெரிந்த கையே செல்வம்.

மின்சாரம் மட்டும் வந்தால் போதாது, தொழிலும் கூட வரவேண்டும் என்பதற்கு எகிப்திலேயே அத்தாட்சி இருக்கின்றது. அஸ்வான் பெரிய அணை 1970-ல் முடிந்தது. அதன் மின்சாரத்தைக் கொண்டு நாக் ஹம்மாடியில் அலுமினியம் உருக்கும் ஆலை எழுந்தது. அங்கே மின்சாரம் விளக்கெரிப்பதோடு நிற்காமல் உலோகமாயிற்று, கூலியாயிற்று.

"இராத்திரியில் சூரியன் ஏது?" என்பார்கள். நியாயமான கேள்வியே. அதற்காகத்தான் பாட்டரிகள் வந்திருக்கின்றன. அவையும் விலை குறைந்து வருகின்றன. தவிர, தண்ணீர் இறைப்பது, மாவரைப்பது, பஞ்சரைப்பது முதலிய வேலைகளைப் பகலிலேயே செய்துகொள்ள யார் தடுக்கின்றார்கள்?

இது எகிப்தின் கதை மாத்திரமல்ல. நமது இராமநாதபுரம் ஜில்லாவில் கமுதியிலும் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏற்பட்டது. ஆகவே தோழர்களே, உங்கள் ஊருக்கு இப்படிப்பட்ட நிலையம் வரும்போது மாலை போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். பலகை எங்கே செய்தது? மின்சாரம் எந்தத் தொழிலுக்குப் போகின்றது? நம் பிள்ளைகளுக்கு அங்கே பலகையைத் துடைக்கும் வேலையா, பலகையைச் செய்யும் வேலையா? இதற்குப் பதில் வாங்காத வரையில், நாம் சூரியனை இன்னும் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கின்றோம் என்று அர்த்தம்.