இரண்டு கோடு போதும் என்றால் மூன்றாவது எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் முக்கோணத்துக்குச் சுற்றுவட்டமும் உள்வட்டமும் வரையச் சொல்லித் தருகிறோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8. தேர்ச்சிக்கு 35 போதும் என்பதால், இந்த 16-ஐப் பிடிக்க வரையும் படிகளை மட்டும் உருப்போட வைக்கிறோம். மெல்லக் கற்கும் பிள்ளைகளைக் கரை சேர்க்கத்தான் என்கிறார்கள். அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் காரணம் சொல்லாமல் விட்டால் அது கணக்கே இல்லை, கோலப் பயிற்சி.

முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம் கேளுங்கள்: "மூன்று மையக்குத்துக்கோடுகளும் ஏன் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன?" பெரும்பாலும் பதில் வராது. சொல்ல ஒரு நிமிடம் போதும். முக்கோணத்தின் உச்சிகள் அ, ஆ, இ. 'அஆ'வின் மையக்குத்துக்கோட்டில் எங்கே நின்றாலும் அ, ஆ இரண்டும் சம தூரம். 'ஆஇ'யின் கோட்டில் நின்றால் ஆ, இ சம தூரம். இரண்டும் வெட்டும் இடத்தில் மூன்றுமே சம தூரம். அப்புறம் மூன்றாவது கோடு அங்கே வராமல் எங்கே போகும்? உள்வட்டத்துக்கும் இதே நியாயம்தான். கோண இருசமவெட்டி, உச்சிகளுக்குப் பதில் பக்கங்களிலிருந்து சம தூரம்.

நம் மண்ணூர்பேட்டைப் பிள்ளைக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. உடைந்த புல்லியின் ஒரு துண்டு கிடைத்தால், விளிம்பில் மூன்று புள்ளி வைத்து, இரண்டு மையக்குத்துக்கோடு போட்டால் மையமும் ஆரமும் கிடைத்துவிடும். 30, 40, 50 செ.மீ. பக்கமுள்ள தகட்டுத் துண்டில் வெட்டக்கூடிய பெரிய வட்டம் எது? பரப்பு 600, அரைச் சுற்றளவு 60. வகுத்தால் உள்வட்ட ஆரம் 10 செ.மீ. காரணம் தெரிந்தவன் துண்டைப் பார்த்ததும் கணக்கைப் போடுவான். படிகளை மட்டும் உருப்போட்டவன் வினாத்தாள் இருந்தால்தான் வரைவான்.

என் கோரிக்கை ஒன்றுதான். அந்த 8-இல் படத்துக்கு 6, காரணத்துக்கு 2 கொடுங்கள். மதிப்பெண் இருந்தால் வகுப்பில் நடத்துவார்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். ஒரு காகித முக்கோணத்தை வெட்டி, உச்சியோடு உச்சி சேரும்படி மூன்று முறை மடித்துப் பிரியுங்கள். பக்கத்தோடு பக்கம் சேர்த்து மடித்தால் உள்வட்ட மையம். விரிகோண முக்கோணத்தில் மட்டும் முதல் மடிப்புகள் காகிதத்துக்குள் சந்திக்காது. ஏன் என்று உங்கள் பிள்ளையே கேட்கட்டும்.