யாருக்கு நன்றி? யாரை ஏற்பது?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பங்குத் திருவிழா. கொடியேற்றம், நவநாள், பாடல் பூசை எல்லாம் வழக்கம்போல நடந்தது. கடைசி நாள் ராத்திரி தேர் வந்தது. அதுவும் வழக்கம்போல எங்கள் தெரு முனைவரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டது. கேட்டால் தெரு குறுகலாம், கரண்டு கம்பி தாழ்வாம். கம்பியை உயர்த்திக் கட்டி மூன்று வருசம் ஆகிறது. என் பெரியம்மா மெழுகுவத்தியோடு மண்ணில் முட்டிபோட்டு, “இம்மாந்தூரம் வந்தியே தாயே, அதுவே போதும், தோத்திரம்” என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. பெரியம்மாவின் விசுவாசத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தப் ‘போதும்’ என்ற சொல்லை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

நன்றி, இரக்கம், பிறரை ஏற்றுக்கொள்ளுதல். கிறிஸ்தவ வாழ்க்கை என்றால் இந்த மூன்றும்தான் என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்தவன் நான். இன்றைக்கும் அதை மறுக்கவில்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்தில்தான் இந்தத் தலையங்கத்தையும் எழுதுகிறேன். நான் கேட்பதெல்லாம், இந்த மூன்றையும் யார், யாரிடம் கேட்கிறார்கள் என்பதுதான்.

எங்களிடம் கேட்கப்படும் நன்றிக்கு ஒரு கதை உண்டு. பாட்டி காலத்தில் கோதுமையும் பால் பவுடரும் கொடுத்தார்கள். அப்பா காலத்தில் போர்டிங்கில் சோறு போட்டார்கள். வாங்கிய தலைமுறை கல்லறைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் எங்கள் பையன் எவனாவது பங்குப் பேரவையில் எழுந்து ஒரு கேள்வி கேட்டால், “நன்றி கெட்டதுங்க” என்கிறார்கள். நான் வங்கியில் கிளார்க். எந்தக் கடனுக்கும் கடைசித் தவணை என்று ஒன்று உண்டு. எங்கள் பேரில் எழுதி வைத்திருக்கும் இந்த நன்றிக் கடனுக்கு மட்டும் அது கிடையாது. தீராத கடனுக்குப் பெயர் கொத்தடிமை.

விவிலியம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடினால், மூன்று இடத்திலும் சமாரியர்களே நிற்கிறார்கள். யூதர்களுக்கும் அவர்களுக்கும் மோசேயின் ஐந்து நூல்களும் பொது. ஆனால் தண்ணீர் புழங்கமாட்டார்கள். ஒரே வேதம், வேற வேற பாத்திரம். நமக்குத் தெரியாத கதையா இது?

லூக்கா 17இல் தொழுநோயாளிகள் பத்துப் பேர் குணமாகிறார்கள். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன். அவன் சமாரியன். மற்ற ஒன்பது பேருக்கும் நோய் போனதும் தீட்டும் போய்விடும், குருக்களிடம் காட்டிவிட்டு ஊரோடு சேர்ந்துகொள்ளலாம். இவனுக்கு நோய் போனாலும் பிறப்பு போகாது. நோயாளிகளாக இருந்தவரைதான் பத்துப் பேரும் ஒன்றாக நின்றார்கள். அவன் நன்றி சொன்னது தன்னை மனுசனாகப் பார்த்தவனுக்கு. நான் அதை அப்படித்தான் வாசிக்கிறேன்.

லூக்கா 10இல் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியனும் பார்த்துவிட்டு விலகிப் போகிறார்கள். சமாரியன்தான் காயத்தில் எண்ணெய் ஊற்றிக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கும் காசு கொடுக்கிறான். இரக்கம் என்றால் மேலேயிருப்பவன் கீழேயிருப்பவன்மேல் படுவது என்றுதான் நமக்குப் பாடம். இங்கே தொடக்கூடாதவன் தொடுகிறான். உயிர் பிழைக்க வேண்டுமானால் அடிபட்டவன் அந்தத் தொடுதலை வாங்கிக்கொண்டுதான் ஆகவேண்டும்.

யோவான் 4இல் இயேசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். மொள்ள அவரிடம் எதுவும் இல்லை. அவள் பாத்திரத்தில்தான் குடித்தாகவேண்டும். அந்த ஊர் மக்கள் கேட்டுக்கொண்டதும் இரண்டு நாள் அங்கேயே தங்குகிறார். ஏற்றுக்கொள்ளுதல் என்பது அதுதான். தெருமுனையில் நின்று ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுத் திரும்புவது ஏற்றுக்கொள்ளுதல் ஆகாது.

தமிழ்த் திருச்சபை இதை எப்படி வாழ்ந்து காட்டியது? ஆயர் டேனியல் வில்சன் 1833இலேயே சாதியைக் கோயிலுக்கு வெளியே விடச் சொன்னார். சாதியை விடுவதற்குப் பதில் கோயிலை விட்டுப் போனவர்கள் பலர். வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகக் கோயிலையே கட்டினார்கள். நடுச்சுவர் இடிபட்டது 1910இல். எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதற்கு வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. செத்த இருவரும் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள். சாதி அவர்களையும்தான் தின்றது. அந்தச் சாவுக்கும் நாம் வருந்தவேண்டும். இரக்கத்துக்கும் சாதி பார்த்தால் நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட ஆவணம், 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும், அவர்கள் ஒதுக்கப்படுவது உண்மை என்றும் ஒப்புக்கொண்டது. அரசோ 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தியைக் காட்டுகிறது. பட்டியல் சாதி என்றால் இந்துதான். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். நம்மைச் சேர்க்கவில்லை. சென்னைத் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை தனக்கு மறுக்கப்பட்டதால் உச்ச நீதிமன்றம்வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என 1985இல் அனுப்பிவிட்டார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் 2007 அறிக்கை மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்கிறது சட்டம். கல்லறைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும்.

இதுவரை எழுதியது எனக்குச் சுலபம். இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம்.

என் தங்கச்சி ஒருவரை விரும்புகிறாள். அவரும் கிறிஸ்தவர், அவரும் தலித், அருந்ததியர். அவருடைய அம்மா அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அன்றைக்குக் காலையில் அம்மா கடைக்குப் போய்ப் பேப்பர் கப் வாங்கி வந்தாள். எங்கள் வீட்டில் அதற்குமுன் பேப்பர் கப் இருந்ததில்லை. அவர்களுக்குக் கப்பில் டீ, எனக்கு எப்பவும்போல சில்வர் டம்ளரில். நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் குடித்தேன். இரட்டைக் குவளையைப் பற்றி நான்கு கவிதை எழுதி இதே இதழில் பாராட்டும் வாங்கியவன் நான்.

அவர்கள் போனபிறகு தங்கச்சி கேட்டாள்: “அண்ணே, நீ எழுதறதெல்லாம் மத்தவனுக்குத்தானா?”

பதில் இல்லை. போன ஞாயிறு பூசை முடிந்து நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தம்மா தயங்கித் தயங்கித்தான் சாப்பிடச் சொன்னார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் பழக்கமானது. என் பெரியம்மா முகத்தில் பார்த்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். சாப்பிட்டேன். “வந்தீங்களே, அது போதும் தம்பி” என்றார்கள். போதாது என்று சொன்னேன். கல்யாணம் நடக்கும். அம்மா இன்னும் அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. இதைப் படித்துக் காட்டினால் திட்டுவாள். காட்டத்தான் போகிறேன்.

நண்பர்களே, தேர் நம் தெருவுக்குள் வரவேண்டும். கல்லறையில் சுவர் இருக்கக்கூடாது. மூன்றாம் பத்தி போகவேண்டும். இதில் எதையும் விட்டுக்கொடுப்பதற்கில்லை. இவற்றைக் கேட்பது நன்றி கெட்டதனம் என்று எவன் சொன்னாலும் கேட்டுக்கொண்டே இருப்போம். அதோடு, நம் வீட்டுக்குள் யாருக்கு எந்த டம்ளர் என்பதையும் இன்று ராத்திரியே பார்த்துவிடுவோம். சமாரியன் என்றால் நாம்தான் என்று இத்தனை நாளாகச் சொல்லி வந்திருக்கிறோம். நமக்கும் ஒரு சமாரியன் இருக்கிறான்.

உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? எழுதுங்கள். அடுத்த இதழில் பேசுவோம்.