ஜமக்காளத்தை யாராவது மூலைவிட்டத்தில் அளப்பார்களா?

பவானியில் ஜமக்காளம் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "நீளம் எத்தனைங்க, அகலம் எத்தனைங்க?" என்பதுதான். கல்யாணப் பந்திக்கா, வீட்டுக் கூடத்துக்கா, ஒருத்தர் மட்டும் படுக்கவா என்று விசாரித்த பிறகே அடுக்கிலிருந்து உருவிப் போடுவார். "இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அஞ்சு அடிங்க, எடுத்துக்குங்க" என்று எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. சொன்னால் ஊரே சிரிக்கும். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு அது. அதை எப்படி அளப்பது என்று ஊருக்கே தெரியும்.

அதே ஊரில் நாலு கடை தள்ளி செல்போன் கடைக்குள் நுழைந்ததும் இந்த அறிவெல்லாம் எங்கே போய்விடுகிறது? தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரத்தில் எந்தக் கடையிலும் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்.

"ஏனுங் தம்பி, கைக்குள்ள அடங்கற மாதிரி சின்னதா ஒண்ணு இல்லீங்களா?"

"சின்னதெல்லாம் இப்ப வர்றதில்லீங்க்கா. இது ஆறே முக்கால் இஞ்ச். அதே வெலைதானுங்க, பெரிசாவே எடுத்துக்கோங்க!"

அந்த அக்கா பெரிசாகவே எடுத்துக்கொண்டு போகிறார். தையல் மிஷினில் உட்கார்ந்து சேர்த்த காசு அது.

இந்த "இஞ்ச்" என்பது என்ன? திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுத்த கோடு. மூலைவிட்டம். நீளமும் இல்லை, அகலமும் இல்லை, பரப்பும் இல்லை.

பத்தாம் வகுப்புக் கணக்கே போதும். 3 அடிக்கு 4 அடி ஜமக்காளம் ஒன்று. அதன் மூலைவிட்டம் சரியாக 5 அடி, பரப்பு 12 சதுர அடி. 1.4 அடிக்கு 4.8 அடி என்று இன்னொன்று. அதன் மூலைவிட்டமும் சரியாக 5 அடிதான். பரப்போ 6.72 சதுர அடி. முதலாவதில் இரண்டு பேர் சம்மணம் போட்டு உட்காரலாம். இரண்டாவதில் ஒருவர் உட்கார்ந்தாலே முழங்கால் தரையில் இருக்கும். இரண்டையும் "அஞ்சு அடி ஜமக்காளம்" என்று ஒரே பெயரில் விற்றால் அதை என்னவென்று சொல்வது? செல்போன் வியாபாரத்தில் நடப்பது அதுவேதான்.

கூடுதல் ஒரு இஞ்ச் எங்கே போனது?

பத்து வருடத்துக்கு முன் பெரிய போன் என்று பேர் வாங்கியது 5.5 இஞ்ச் போன். அதன் திரை 16:9 என்ற விகிதத்தில் இருந்தது. இன்றைய 6.5 இஞ்ச் போன்களில் பெரும்பாலானவை ஏறக்குறைய 20:9. இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தால் வரும் விடை இது.

பழைய 5.5 இஞ்ச் திரையின் அகலம் 2.70 இஞ்ச், உயரம் 4.79 இஞ்ச்.

புதிய 6.5 இஞ்ச் திரையின் அகலம் 2.67 இஞ்ச், உயரம் 5.93 இஞ்ச்.

ஆம், புதியதன் அகலம் ஒரு நூல் குறைவு! கூடியது முழுக்க உயரத்தில்தான். பெட்டியில் எண் மட்டும் ஒரு இஞ்ச் ஏறிவிட்டது.

வீடியோ பார்க்கத்தான் பெரிய திரை என்பார்கள். யூடியூபில் வரும் பாடம், சமையல், செய்தி எல்லாம் பெரும்பாலும் 16:9. அதை 6.5 இஞ்ச் போனில் படுக்கை வசமாக வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். நடுவில் தெரியும் படத்தின் மூலைவிட்டம் 5.44 இஞ்ச்தான். பழைய 5.5 இஞ்ச் போனில் தெரிந்ததைவிட இம்மி சிறியது. பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்றால் அது 4:3. அங்கே மிஞ்சுவது சுமார் 4.4 இஞ்ச். சினிமாஸ்கோப் படத்துக்கு மட்டும் இந்த நீளத் திரை உண்மையாகவே லாபம். அதை மறுக்க வேண்டியதில்லை.

கண்ணுக்குப் பெரிசு, எழுத்துக்கு?

"அப்பாருக்குக் கண்ணு தெரியறதில்லை, அதனால பெரிய போன்" என்று பேரப்பிள்ளைகள் வாங்கிக் கொடுப்பார்கள். பாசம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அகலம் கூடாமல் உயரம் மட்டும் கூடினால் எழுத்து தானாகப் பெரிதாகாது. அதே அளவு எழுத்தில் கீழே நாலைந்து வரி கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். வெள்ளெழுத்துக்காரருக்கு வேண்டியது செட்டிங்ஸில் எழுத்தின் அளவைக் கூட்டிவைப்பது. அது காசில்லாத வேலை. அதற்குப் பிறகும் வரிக்கு இரண்டு வார்த்தைதான் நிற்கிறது என்றால் அகலமான திரையைத் தேடலாம்.

இன்னொன்றும் உண்டு. விலை மலிவான பெரிய போன்களில் அகலவாக்கில் 720 புள்ளிகள்தான். 6.5 இஞ்ச் திரையில் அது ஒரு இஞ்ச்சுக்குச் சுமார் 270 புள்ளி. 1080 புள்ளி உள்ள திரையில் அதே இடத்தில் 405. ஆங்கில எழுத்து 270-ல் தப்பித்துக்கொள்ளும். சுழியும் கொம்பும் புள்ளியுமாக வரும் தமிழ் எழுத்துக்கு இந்த வித்தியாசம் தெரியும். பொடி எழுத்தில் "ஞ", "ணை", "இ" மூன்றையும் படித்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

போட்டித் தேர்வுக்குப் பாடப்புத்தகத்தை பிடிஎஃப் ஆகப் படிக்கும் பிள்ளைகள் நிலையும் இதுதான். ஏ4 தாளின் அகலம் 8.27 இஞ்ச். அது 2.67 இஞ்ச்சுக்குள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. பழைய 5.5 இஞ்ச் போனிலும் அதே மூன்றில் ஒரு பங்குதான்! போனைப் படுக்கப் போட்டால் புதியதில் கொஞ்சம் மேல். அந்த வேலைக்கு வேண்டியது டேப்லெட்.

கை யாருடையது?

பவானியிலிருந்து ஈரோடு போகும் பஸ்ஸில் காலை நேரத்தில் ஏறிப் பார்த்தால் போதும். ஒரு கை கம்பியில், தோளில் பை, மிச்சம் இருப்பது ஒரே கை. அந்தக் கைக்குள்தான் போன் அடங்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் 2013-ல் தெருவிலும் பஸ்ஸிலும் போன் வைத்திருந்த 1,333 பேரைக் கவனித்து எழுதினார். அதில் திரையைத் தொட்டுப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் பேர் ஒற்றைக் கையால்தான் பயன்படுத்தினார்கள். போன்கள் சிறியதாக இருந்த காலம் அது. போன் வளர்ந்துவிட்டது. கட்டைவிரல் வளரவில்லையே!

இது கம்பெனிகளுக்கும் தெரியும். 2014-ல் ஐபோன் 6 பெரிதாக வந்தபோதே, பட்டனை இரண்டு முறை தொட்டால் திரையின் மேல்பகுதி கீழே இறங்கி வரும் வசதியை ஆப்பிள் சேர்த்தது. 2021-ல் ஆண்ட்ராய்டு 12-லும் ஒற்றைக் கை வசதி வந்தது. கைக்கு எட்டாத திரையைச் செய்துவிட்டு, அதை எட்ட வைக்க ஒரு வசதி! கதவை உயரத்தில் வைத்துக் கட்டிவிட்டு ஏணி இனாம் என்பதுபோல.

பெண்கள் பாடு இன்னும் மோசம். சேலைக்கும் பெரும்பாலான சுடிதாருக்கும் பாக்கெட்டே கிடையாது. போன் கையிலேயே இருந்தாக வேண்டும். குழித்தறியில் உட்கார்ந்து குனிந்து நெய்பவரின் சட்டைப் பாக்கெட்டில் முக்கால் போன் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது எத்தனை நாள் தங்கும்?

"மக்கள்தான் பெரிசு கேட்டார்கள்"

இது கம்பெனிக்காரர்களின் பெரிய வாதம். 2011-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 5.3 இஞ்ச்சில் வந்தபோது கேலி செய்தவர்கள் உண்டு. பிறகு அது விற்றது. உண்மைதான். ஆப்பிள் 5.4 இஞ்ச்சில் மினி என்று 2020-லும் 2021-லும் கொண்டுவந்து, 2022-ல் மினியை விட்டுவிட்டுப் பிளஸ் என்று பெரிசாகப் போட்டது. "பார்த்தீர்களா, சின்னதை யாரும் வாங்கவில்லை" என்கிறார்கள்.

ஐபோன் 12 மினி இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப விலை 69,900 ரூபாய்! அந்த விலைக்கு விற்றுப் பார்த்துவிட்டு, பத்தாயிரம் ரூபாய்க்காரருக்கும் சின்ன போன் பிடிக்காது என்று தீர்ப்புச் சொல்வது எந்த ஊர் நியாயம்? பத்தாயிரம் விலையில் நல்ல சின்ன போனைப் பெரிய போனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அல்லவா மக்களைக் கேட்க வேண்டும்? ஒரே ஒரு சின்னம் அச்சடித்த சீட்டைக் கொடுத்துவிட்டு "நீங்கள்தானே ஓட்டுப் போட்டீர்கள்" என்றால் எப்படி?

பெரிய உடம்பில் பெரிய பேட்டரி வைக்கலாம், அது லாபம். மேப் பார்த்து வண்டி ஓட்டுபவருக்கும், விளையாட்டுப் பிரியருக்கும் பெரிசு வசதி. அவர்கள் தாராளமாக வாங்கட்டும். வேண்டாதவர் தலையிலும் அதையே கட்டுவதுதான் தவறு.

அப்படியானால் எப்படித்தான் வாங்குவது?

கடைக்குப் போகும்போது ஒரு சின்ன ஸ்கேல் போதும். முதலில் திரையின் அகலத்தை அளக்க வேண்டும். எழுத்துக்கும் கைக்கும் அதுதான் கணக்கு. அடுத்து, போனை ஒரு கையில் பிடித்து, கட்டைவிரல் எதிர்ப்பக்க மேல்மூலைக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். அட்டைப் பெட்டி போன்ற கவர் போட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது, வீட்டில் அப்படித்தானே வைத்திருக்கப் போகிறோம். பிறகு எழுத்தைப் பெரிதாக்கி ஒரு தமிழ்ச் செய்தியை முழுசாகப் படிக்க வேண்டும். கடைசியில் எடை. ஐபோன் 13 மினி சுமார் 140 கிராம், 14 ப்ரோ மேக்ஸ் 240 கிராம். நூறு கிராம் வித்தியாசம் படுத்துக்கொண்டு பத்து நிமிடம் படித்தால் மணிக்கட்டில் தெரியும்.

வாங்கப் போகிறவர் தாத்தாவோ அம்மாவோ என்றால் அவர்களையே கூட்டிக்கொண்டு போக வேண்டும். பேரனின் கையை அளந்து பாட்டிக்குப் போன் வாங்கக் கூடாது.

"இது எத்தனை இஞ்ச்?" என்ற கேள்வியைப் பவானிக்காரர்களாவது நிறுத்தலாம். ஜமக்காளக் கடையில் கேட்பதையே அங்கேயும் கேட்கலாம். "அகலம் எத்தனைங்க?"