சரிவில் ஒரு மனை

இலங்கைத் தேயிலையின் வகை செங்குத்தாகவே அளக்கப்படுகிறது: சமுத்திர மட்டத்திலிருந்து 600 மீட்டர் வரை தாழ்நிலத் தேயிலை, 1200 வரை இடைநிலம், அதற்கு மேல் ஹட்டன், நுவரெலியாப் பிரதேசங்களின் உயர்நிலத் தேயிலை. ஆயின் கொழுந்துக்குக் கீர்த்தி தந்த அவ்வுயரம், மழையில் நிரைக்குள் கால் வழுக்காது ஊன்றி, கூடை சுமந்து அதைப் பறித்தெடுக்கும் ஸ்திரீகளின் சந்ததியை உயர்த்தியதா என்று வினவினால், துரை பங்களா மேட்டிலும் தொழிலாளர் வாழும் லயங்கள் சரிவின் அடியிலுமாகப் பல தோட்டங்களில் அமைந்திருக்கும் பிரத்தியட்ச நிலையே விடை கூறும்.

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் அத்தகைய லயங்கள் மண்சரிவால் மண்ணுள் புதைந்தன. அபாயம் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது.

லயங்களுக்குப் பதிலாகத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் காணியும் தனிவீடும் என்ற திட்டம் நியாயமானதே. எனினும் அந்த மனை எந்தச் சரிவில் விழுகிறது என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பரிசோதித்து அங்கீகரிக்குமுன் அடிக்கல் நாட்டுவது (அடிக்கல்லின் மீது அரசியல்வாதிகளுக்குள்ள பிரியம் பிரசித்தம்) அனுமதிக்கத் தக்கதன்று. உறுதியான நிலம் தோட்டத்தில் இல்லை என்று சொல்வோர், பங்களாவைச் சூழ்ந்த புல்வெளியையும் ஒருமுறை அளந்து பார்க்கட்டும்.