பிள்ளைகளின் நித்திரையைத் திருடாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் படிக்கிற பிள்ளை இருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள். டியூஷன் நடத்துகிற சகோதர ஆசிரியர்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை, வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

அண்மையில் ஓ.எல். பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஒரு தாய் எழும்பிச் சொன்னார்:

"சேர், எங்கட மகன் ராவைக்கு ஒரு மணி மட்டும் முழிச்சிருந்து படிக்கிறான். நானும் பிளேன்டீ ஊத்திக் குடுத்துக்கொண்டு பக்கத்துலயே இருக்கன். விடிய அஞ்சு மணிக்கு கிளாசுக்கும் அனுப்புறன். ஆனா மண்டையில ஒண்டும் நிக்குதில்ல. என்ன செய்யிற?"

மண்டபத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எல்லா வீட்டிலும் இதே கதைதான். மேடையில் இருந்த ஒருவர் பதில் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் கஷ்டப்படச் சொல்லுங்க. தூங்குறவனுக்கு ஒண்டும் கிடைக்காது." கைதட்டல் வேறு.

நான் வாய் திறக்கவில்லை. அது என் கோழைத்தனம். அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்று இங்கே எழுதுகிறேன்.

ராத்தா, உங்கள் மகன் மக்கு இல்லை. அவன் படிப்பதும் குறைவில்லை. படித்ததை மண்டையில் நிற்கவைக்கிற வேலை நித்திரையில்தான் நடக்கிறது. அந்த நேரத்தைத்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து வெட்டி எடுத்துவிட்டோம். அவனுக்கு மறக்கவில்லை, நாங்கள்தான் அழித்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம்.

நாலரைக்கு எழுப்புகிறோம். ஐந்து மணிக்கு கிளாஸ். ஏழரைக்குப் பாடசாலை. ஒன்றரைக்கு மணி அடித்தால் சாப்பிட்டும் சாப்பிடாமலும் அடுத்த கிளாஸ். மஃரிபுக்குப் பிறகு இன்னொன்று. வீட்டுக்கு வந்து ஹோம்வேர்க். பிறகு போன். பன்னிரண்டு, ஒரு மணிக்குத் தலை சாய்க்கிறான். மூன்றரை, நாலரை மணித்தியாலம்.

13 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணித்தியாலம் நித்திரை தேவை என்று அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் 2016இல் அறிவித்தது. 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணித்தியாலம். புலமைப்பரிசில் எழுதுகிற பத்து வயதுப் பிள்ளையை விடிய எழுப்பி வானில் ஏற்றுகிறவர்கள் இந்த இரண்டாவது கணக்கை இன்னொரு தரம் வாசியுங்கள்.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு எபிங்ஹாஸின் மறதி வளைகோடு படிப்பித்தார்கள். படித்தது எவ்வளவு வேகமாக மறந்துபோகும் என்று கரும்பலகையில் கோடு கீறிக் காட்டினார்கள். அந்த மறதியை எது தடுக்கும் என்ற கேள்விக்கு வந்த பதில் ஒன்றுதான்: மீட்டல். திரும்பத் திரும்ப மீட்டல். நித்திரை என்ற சொல் எங்கள் குறிப்புக் கொப்பியில் ஒரு இடத்திலும் வரவில்லை. இவ்வளவுக்கும் 1924இலேயே அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அர்த்தமில்லாத அசைகளைப் பாடமாக்கவைத்தார்கள். எட்டு மணித்தியாலம் முழித்திருந்த பிறகு கேட்டபோது பத்தில் ஒன்றளவில்தான் ஞாபகம் இருந்தது. அதே எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்ட பிறகு கேட்டபோது பத்தில் ஐந்துக்கு மேல். அதில் பங்குபற்றியது இரண்டே மாணவர்கள், உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த நூறு வருட ஆய்வுகளும் அந்தத் திசையைத்தான் காட்டுகின்றன.

ஏன் அப்படி?

மூளையின் உள்ளே ஹிப்போகெம்பஸ் என்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது. பகலில் படிக்கிற புது விடயம் முதலில் அங்கேதான் பதிகிறது. அது வகுப்பில் அவசரமாக எழுதுகிற ரஃப் கொப்பி மாதிரி. பிள்ளை ஆழ்ந்த நித்திரைக்குப் போன பிறகு மூளை அந்த ரஃப் கொப்பியைத் திறந்து, பகலில் நடந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்த்து, வேண்டியதை மூளையின் மேற்பட்டைக்குக் கொடுத்து உறுதிப்படுத்துகிறது. இது என் கற்பனை இல்லை. 1994இல் வில்சன், மெக்நோட்டன் என்ற ஆய்வாளர்கள் எலிகளின் மூளையில் இதைப் பதிவுசெய்தார்கள். பகலில் எலி ஓடித் திரிந்தபோது சேர்ந்து இயங்கிய அதே கலங்கள், அது நித்திரை கொண்டபோதும் சேர்ந்து இயங்கின. எலி நித்திரையில் பாடம் மீட்டியது!

எங்கள் பிள்ளைக்கு அந்த மீட்டலுக்கு நேரமில்லை. இரவு ஒரு மணி வரை ரஃப் கொப்பியில் எழுதிக் குவிக்கிறான். நல்ல கொப்பிக்கு மாற்ற முதலே விடிந்துவிடுகிறது. நித்திரை முழித்தவனின் ஹிப்போகெம்பஸ் அடுத்த நாள் புதுப் பாடத்தைப் பதிகிற சக்தியிலும் குறைந்துபோகிறது. பழையதும் நிற்காது, புதியதும் ஏறாது.

இனி விடிய ஐந்து மணி கிளாசுக்கு வருவோம்.

நித்திரை முழுவதும் ஒரே மாதிரி இல்லை. ஏறக்குறைய தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு சுற்று. முதல் பாதி இரவில் ஆழ்ந்த நித்திரை அதிகம். பின் பாதியில், அதுவும் விடிகிற நேரத்தில், கண்மணி வேகமாக அசைகிற நித்திரை அதிகம். அதை 1953இல் சிக்காகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்டுபிடித்தார்கள். தெளிவான கனவுகள் கூடுதலாக வருவது அந்த நேரத்தில்தான். பிந்திப் படுத்த பிள்ளையை நாலரைக்கு உலுக்கி எழுப்பும்போது நாங்கள் கூடுதலாக வெட்டுவது அந்தக் கனவு நேரத்தை.

"கனவுதானே, போனால் என்ன?" என்று கேட்பீர்கள். கனவு வெறும் குப்பை இல்லை. 2000ஆம் ஆண்டில் ஸ்டிக்கோல்ட் என்ற ஆய்வாளர் டெட்ரிஸ் கேம் விளையாடவைத்துச் சோதித்தார். விளையாடியவர்கள் பலருக்கு நித்திரை வருகிற நேரத்தில் கட்டைகள் விழுவது கண்ணுக்குள் தெரிந்தது. மூளைப் பாதிப்பால் ஞாபகத்தை இழந்தவர்களும் அதில் இருந்தார்கள். கேம் விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லை. ஆனாலும் அவர்களில் சிலருக்கும் கட்டைகள் விழுவது தெரிந்தது. அவர்களுக்கே தெரியாமல் மூளை பாடத்தை வைத்து வேலை செய்திருக்கிறது.

கணித ஆசிரியர்களுக்கு இன்னொன்று. 2004இல் ஜேர்மனியின் லூபெக்கில் ஒரு சோதனை. எண் கணக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் ஒரு குறுக்கு வழி மறைந்திருந்தது, அதை யாருக்கும் சொல்லவில்லை. எட்டு மணித்தியாலம் கழித்துத் திரும்பச் செய்யவைத்தார்கள். இடையில் நித்திரை கொண்ட 22 பேரில் 13 பேர் குறுக்கு வழியைக் கண்டுபிடித்தார்கள். இரவு முழுக்க முழித்திருந்த 22 பேரில் 5 பேர் மட்டும். "யோசித்துச் செய்" என்று பிரம்பால் மேசையில் தட்டுகிறோமே, அந்த யோசனையின் ஒரு பங்கு தலையணையில் நடக்கிறது.

இதைச் சொன்னால் வழமையாக மூன்று பதில் வரும்.

முதலாவது: "நாங்களும் முழிச்சுப் படிச்சுத்தானே வந்த." வந்தவர்கள் மட்டும்தான் மேடையில் நின்று பேசுகிறார்கள், சேர். அதே மாதிரி முழித்துப் படித்துத் தவறியவர்களுக்கு யாரும் மைக் கொடுப்பதில்லை.

இரண்டாவது: "போட்டி அப்படி. மற்றப் பிள்ளை முழிக்கும்போது எங்கட பிள்ளை படுத்தால் பின்னுக்குப் போயிரும்." லொஸ் ஏஞ்சலிஸ் உயர்தரப் பாடசாலை மாணவர்களை வைத்துச் செய்து 2013இல் வெளிவந்த ஆய்வு இதையே பார்த்தது. நித்திரையைக் குறைத்து வழமையை விடக் கூடுதலாகப் படித்த நாளுக்கு அடுத்த நாள், பிள்ளைகளுக்கு வகுப்பில் பாடம் விளங்குவது குறைந்தது, சோதனையில் சறுக்குவது கூடியது. கூடப் படித்தும் குறைய எடுத்தார்கள். முந்துவதற்கென்று கொடுத்த விலைதான் பின்னுக்கு இழுத்தது.

மூன்றாவது: "விடிய எழும்புறது பரக்கத். தஹஜ்ஜுத் நேரம். அதையா வேணாம் எண்டு சொல்லுறீங்க?" அல்லாஹ் பாதுகாக்கட்டும், அதைச் சொல்லவில்லை. விடிய எழும்புவது எங்கள் வழிமுறை. ஆனால் அதன் முன்பாதியை ஏன் விட்டீர்கள்? இஷாவுக்குப் பிறகு கதைத்துக்கொண்டிருப்பதை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பது ஸஹீஹ் புகாரியில் வருகிறது. இரவின் ஆரம்பத்திலேயே வணங்க எழும்பிய அபூதர்தா (ரழி) அவர்களை சல்மான் (ரழி) அவர்கள் படுக்கச் சொல்லி, கடைசிப் பகுதியில் எழுப்பித் தொழுத சம்பவமும் அதில்தான் வருகிறது. இபாதத்துக்கே அந்த ஒழுங்கு என்றால், மொடல் பேப்பருக்கு இல்லையா?

எங்கள் ஹிப்ழ் மத்ரஸாக்களைப் பாருங்கள். புதுப் பாடத்தை இரவில் ஓதிப் பார்த்துவிட்டுப் பிள்ளை படுக்கிறது. சுபஹுக்குப் பிறகு உஸ்தாதிடம் ஒப்புவிக்கிறது. இரவு தடுக்கிய ஆயத் காலையில் தடுக்காமல் வருவதைக் கண்ட உஸ்தாத்மார் எத்தனை பேர்! எந்த மூளைப் படமும் எடுக்காமலே பரம்பரை பரம்பரையாக எங்களிடம் இருந்த அறிவு இது. பள்ளிக்குள் தெரிந்ததைப் பாடசாலை வாசலில் கழற்றி வைத்துவிட்டோம்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். மற்றவர்களை மட்டும் ஏசிவிட்டுப் போக எனக்கு உரிமை இல்லை.

சில வருடங்களுக்கு முதல் ஓ.எல். பரீட்சைக்கு முந்திய வாரம் "இரவுநேர விசேட வகுப்பு" நடத்திய ஆசிரியர்களில் நானும் ஒருவன். இரவு பத்தரை வரை கணிதம். இடையில் பணிசும் டீயும். நித்திரை தூங்கிய பிள்ளைகளை எழுப்பி முகம் கழுவ அனுப்பினேன். பெருமையாக போட்டோவும் போட்டேன், நூற்றுக்கணக்கில் லைக் வந்தது. அதில் ஒரு பையன், வகுப்பில் சமன்பாடுகளை எனக்கு முதல் செய்து முடிப்பவன். பரீட்சை முடிந்து வெளியே வந்து சொன்னான்: "சேர், கேள்வி தெரிஞ்ச கேள்விதான். பார்த்துக்கொண்டே இருந்தன், ஒண்டும் வரல்ல." அழவில்லை. என்னைப் பார்க்காமல் சொன்னான். ஒரு பிள்ளையை வைத்து விஞ்ஞானம் பேச முடியாது, தெரியும். ஆனால் ஒரு பிள்ளையை வைத்து ஒரு ஆசிரியன் வெட்கப்படலாம். அந்த போட்டோவை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறேன், எனக்கு நானே காட்டிக்கொள்வதற்கு.

ஆகவே கேட்பது இவ்வளவுதான்.

பெற்றோரே, பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள். போனை உங்கள் அறைக்கு எடுத்துச் செல்லுங்கள், உங்கள் போனையும் சேர்த்து அணையுங்கள். கடைசியாக மீட்டிய பாடத்தோடு பிள்ளை படுக்கட்டும். பரீட்சைக்கு முந்திய இரவு பிள்ளை முழித்திருந்தால் பெருமைப்படாதீர்கள், பயப்படுங்கள்.

டியூஷன் ஆசிரியர்களே, விடிய ஐந்து மணி கிளாசை நிறுத்துங்கள். உங்கள் வகுப்பறை நிரம்பலாம், பிள்ளையின் தலை நிரம்பாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இல், பதின்ம வயதினரின் பாடசாலையே காலை எட்டரைக்கு முதல் தொடங்கக் கூடாது என்றது. கலிபோர்னியாவில் உயர்தரப் பாடசாலைகளுக்கு அது 2022 முதல் சட்டம். நாங்கள் ஏழரைப் பாடசாலைக்கு முன்னால் இன்னொரு பாடசாலை நடத்துகிறோம்.

அதிபர்களே, பள்ளி நிர்வாகிகளே, பரீட்சைக் காலத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஊரில் வகுப்பும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை என்று ஒரு தீர்மானம் எடுங்கள். சுற்றுநிருபம் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

அந்த ராத்தாவின் பெயரும் எனக்குத் தெரியாது. யாராவது அவருக்கு இதை அனுப்பிவிடுங்கள். இன்றிரவு பிளேன்டீ ஊற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். மகனுக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு, அவரும் போய்ப் படுக்கட்டும். பாவம், அவருக்கும் நித்திரை இல்லை.