ஒரே நாளில் ஊட்டி: 'ஏழு பாயிண்ட்' கணக்கில் யாருக்கு நஷ்டம்?

கோவை,

காலை 6 மணிக்கு காந்திபுரத்தில் வேன் ஏறினால் ராத்திரி 10 மணிக்குள் அதே இடத்தில் இறக்கி விடுகிறார்கள். நடுவில் ஊட்டி! ரூம் வாடகை இல்லை, லீவு ஒரு நாள் போதும். குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் குடும்பத்தோடு மலை ஏறுவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஆனால் திரும்பி வந்தவர்களைக் கேட்டால் பாதிப்பேர் சொல்வது ஒன்றுதான்: "எங்க சார் பார்த்தோம்? ஏறினோம், இறங்கினோம்!"

ஏன் இந்த நிலை? இது பற்றிய விவரம் வருமாறு:-

நோட்டீசில் ஏழு, கையில் அரை மணி

சிம்ஸ் பூங்கா, டால்பின் மூக்கு, தொட்டபெட்டா, தேயிலை பேக்டரி, தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, படகு இல்லம். டூர் நோட்டீசில் இப்படி ஏழு 'பாயிண்ட்' இருக்கும். பக்கத்துக் கடைக்காரர் ஆறு போட்டால் இவர் ஏழு போடுவார். எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஜனங்களும் சீட்டு வாங்குகிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும்.

கோவையிலிருந்து ஊட்டி ஏறக்குறைய 86 கிலோ மீட்டர். மேட்டுப்பாளையத்தில் டிபன், பர்லியார் வழியாக 14 கொண்டை ஊசி வளைவு, வழியில் வாந்தி எடுக்கும் குழந்தைக்காக ரெண்டு தடவை நிறுத்தம். மலைமேல் முதல் இடத்தில் கால் வைக்க 10 மணி ஆகிவிடும். இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டுமானால் மாலை 4½ மணிக்குக் கிளம்பியாக வேண்டும்.

கைக்கு வருவது ஆறரை மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி போனால் மிச்சம் ஐந்தரை மணி. ஒரு இடத்திலிருந்து அடுத்த இடம் போக, வண்டி நிறுத்த, டிக்கெட் கியூவில் நிற்க இடத்துக்கு 20 நிமிஷம் என்று குறைத்துப் போட்டாலும், ஏழு இடத்துக்கு இரண்டே கால் மணிக்கு மேல் போய்விடும். பாக்கியை ஏழால் வகுத்தால் ஒரு இடத்துக்கு அரை மணி கூடத் தேறாது.

இதே நேரத்தில் மூன்று இடம் மட்டும் பார்த்தால்? இடத்துக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும்!

கைடு சொல்லாத சங்கதி

அரை மணியில் என்ன நஷ்டம் என்பதற்குத் தாவரவியல் பூங்கா ஒன்றே போதும். 1848-ம் ஆண்டு வாக்கில் மெக்ஐவர் என்ற வெள்ளைக்காரத் தோட்டக்கலை நிபுணர் உருவாக்க ஆரம்பித்த பூங்கா இது. 22 ஹெக்டேர் பரப்பு, சரிவு சரிவாக மேலே ஏறுகிறது. உள்ளே கல்லாகிப்போன அடிமரம் ஒன்று இருக்கிறது. வயது 2 கோடி ஆண்டு என்கிறார்கள். பூங்காவுக்கு மேலே தோடர் மக்களின் 'மந்து' எனப்படும் குடியிருப்பு உண்டு. ஊட்டி பிறப்பதற்கு முன்பிருந்தே இந்த மலையில் வாழ்கிறவர்கள் அவர்கள்.

அரை மணி நேரத்தில் வந்தவர்கள் கீழே உள்ள புல்தரையில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குள், "சீக்கிரம் வாங்க சார், டைம் ஆச்சு!" என்று குரல் வந்துவிடும். பல வேன்களில் கைடு தனியாகக் கிடையாது. டிரைவரேதான் கைடு. விடியற்காலை முதல் ஸ்டியரிங் பிடித்தவர் மரத்தைப் பற்றி என்ன பேசுவார்?

இறக்கம்தான் பொல்லாதது

நேர நஷ்டம் ஒரு பக்கம். இதைவிடப் பெரிய விஷயம் உயிர்.

ஏழு பாயிண்டையும் முடித்துக் காட்டினால்தான் பேசிய பணம் வரும். கடைசி பாயிண்ட் முடியும்போது மணி ஆறு. அப்புறம் இருட்டு, பனி, வளைவு, பின்னால் ஹாரன். மலை இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடாகிப் பிடிப்பை இழக்கும். "எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு" என்பது மலைப்பாதை டிரைவர்களின் பாலபாடம். கியரைக் குறைத்தால் வண்டி மெதுவாகத்தான் இறங்கும். நேரம் பிந்திய வண்டிக்கு அந்தப் பொறுமை இருக்குமா?

2023 செப்டம்பர் 30-ந்தேதி, ஊட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிய தென்காசி மாவட்டத்தினரின் சுற்றுலா பஸ் குன்னூரை அடுத்த மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்தது. 9 பேர் பலியானார்கள். அந்த விபத்துக்கு அவசரம்தான் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

இ-பாஸ் எண்ணுவது வண்டியை

இன்னொரு பக்கம் ஐகோர்ட்டு உத்தரவு. சீசன் நாளில் நீலகிரிக்குள் சுமார் 20 ஆயிரம் வண்டிகள் நுழைகின்றன என்று 2024-ல் கோர்ட்டில் கணக்குத் தரப்பட்டது. அதில் கார்கள் மட்டும் 11 ஆயிரத்துக்கு மேல். வேன்கள் 1,300 சொச்சம்தான்.

அந்த ஆண்டு மே 7-ந்தேதி முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை உச்சவரம்பும் வந்தது. சாதாரண நாளில் 6 ஆயிரம் வண்டி, சனி, ஞாயிறில் 8 ஆயிரம் வண்டி. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசு பஸ்களுக்கும் விலக்கு. வியாபாரம் படுத்துவிடும் என்று நீலகிரி வியாபாரிகள் ஏப்ரல் 2-ந்தேதி கடையடைப்பே நடத்தினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, உச்சவரம்பு வண்டிக் கணக்கு. ஆள் கணக்கு அல்ல. பதினேழு பேர் நாலைந்து காரில் போனால் நாலைந்து பாஸ் காலி. அதே பதினேழு பேர் ஒரு வேனில் போனால் ஒரே பாஸ்! மலைக்கு நெரிசல் குறையும், ஊட்டிக் கடைக்காரருக்கு வாடிக்கையும் குறையாது. அதாவது, சொந்தக் கார் இல்லாத சாமானியன் போகிற வேன்தான் மலைக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

ஆனால் அந்த வேன் ஏழு இடத்துக்கும் சந்து சந்தாக ஓடிக்கொண்டிருந்தால் இந்த லாபம் பாதியாகிவிடும். நெரிசலில் அதுவும் ஒரு பங்காளி ஆகிவிடும்.

பணம் கட்டும் முன்பு...

டூர்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. "அவன் ஏழு காட்டறான், நீ மூணுதானா?" என்று கேட்பது ஜனங்கள்தானே! கேட்கிற கேள்வியை மாற்றினால் நோட்டீசும் தானாக மாறும்.

எத்தனை இடம் என்று கேட்பதற்குப் பதில், ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிஷம் என்று கேட்கலாம். மலையிலிருந்து எத்தனை மணிக்கு இறங்குவீர்கள், கைடு தனியாக வருவாரா, நுழைவுக் கட்டணம் சேர்த்தியா, இ-பாஸ் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசிக்கொள்வது நல்லது. வண்டி மஞ்சள் நம்பர் போர்டுதானா என்று ஒரு பார்வை பார்க்க வேண்டும். வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்ட விரோதம். அந்த சீசனுக்கு என்ன இ-பாஸ் விதி என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் கூஜாவில் கொண்டுபோனால் செக்போஸ்டில் வாக்குவாதம் இல்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை சேர்த்து வைத்த காசில் குடும்பத்தோடு போகிற பயணம் இது. ஏழு இடத்தில் கால் வைத்ததாகக் கணக்குச் சொல்வதைவிட, ஒரு மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தால் அதுதான் முழு லாபம்!